நாள் கடந்தவர்கள்

செவ்வாய்க்கிழமை என்றால்
நாள் கடந்தவர்களை அழைக்க வேண்டும்.
சட்பரி. எல்ம் தெரு. பனி வாரும் வண்டி
கண்ணாடியை உலுக்கிவிட்டுப் போகிறது.
திரையில் சிவப்பு எழுத்தில் நாற்பத்தொரு பெயர்கள்,
எல்லாம் நாயும் பூனையும்.
அவற்றின் மனிதர்களுக்கு நான் போன் செய்கிறேன்.

"போன வருஷம்தானே போட்டோம்?
காசு பிடுங்க இது ஒரு வழியா?"

இல்லை ஐயா.
போன வருஷம் போட்டது எலிக்காய்ச்சலுக்கு.
அந்த ஊசிக்கு ஞாபகம் ஓராண்டுதான்.
உங்கள் பிஸ்கட் ராம்சே ஏரிக்கரையில்
தேங்கின தண்ணீரெல்லாம் குடிக்கிற நாய்.
ரேபிஸ் மூன்றாண்டு தாங்கும்,
டிஸ்டெம்பரும் பார்வோவும் அப்படித்தான்,
முதல் வருஷம் தவறாமல் போட்டிருந்தால்.

குட்டிகளின் கதை வேறு.
மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை,
பதினாறு வாரம் ஆகும்வரை.
தாய்ப்பாலோடு வந்த காவல்காரன்
எந்த இரவில் வேலையை விட்டுப் போவான் என்று
ஒருவருக்கும் தெரியாது.
அவன் உள்ளே இருக்கும்வரை
நம் ஊசியையும் திருடன் என்றே விரட்டுவான்.
அதனால்தான் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டுகிறோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
டாக்டர் லாரோக்கிடம் கேட்டேன்:
மூன்று வருஷம் முடிந்த மறுநாள் காலை
ரத்தம் எல்லாவற்றையும் மறந்துவிடுமா?
கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
"சிலதுக்கு ஏழு வருஷம்கூட நினைவிருக்கும்.
எதற்கு என்றுதான் தெரியாது.
தெரியாத இடத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்கிறோம்."

என் வீட்டிலும் ஒரு பூனை.
பில் கட்டுகள் கிடந்த பெட்டிக்குள்
தானே வந்து படுத்ததால் பெயர் ரசீது.
வாசற்படி தாண்டாதவள்.
ஜன்னலுக்கு வெளியே காகம் கத்தினாலே
கட்டிலுக்கடியில் ஓடுபவள்.
இவளுக்கு எதற்கு என்றார் குகதாசன்.
நானும் தலையாட்டினேன்.
ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்பவள் நான்.

ஆகஸ்டில் ஒரு இரவு
புகைபோக்கி வழியாக வௌவால் வந்தது.
நாங்கள் விளக்கைப் போடும்போது
ரசீதின் வாயில் கறுப்பாக ஒரு சிறகு,
பாதி விரிந்த குடை போல.

அன்றைக்குத்தான் பட்டியலில் என் பெயரைப் பார்த்தேன்.
இல்லை, பொய்.
நாலு செவ்வாயாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.
விரல் அந்த வரியைத்
தாண்டித் தாண்டிப் போயிருந்தது.
இருபத்தாறு நாள்.

ஐஸ்கிரீம் டப்பாவில் அடைபட்டு
வௌவால் ஒட்டாவாவுக்குப் பயணம் போனது.
ரசீதுக்கு மறுநாளே ஊசி.
முடிவு வரும்வரை அவள் குளியலறையில்.
கதவின் கீழ் இடுக்கில் நீண்ட பாதத்தை
நானும் தொடவில்லை, அவரும் தொடவில்லை.
நான்காம் நாள் மதியம் போன் வந்தது.
கிருமி இல்லை.
குகதாசன் ஒன்றும் பேசாமல்
மீன் டின்னைத் திறந்தார்.

முப்பத்தெட்டாவது பெயர்: முஸ்தி, வயது பதினைந்து.
மனிதர்: ஹெய்க்கினன்,
நிக்கல் சுரங்கத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்.
மூன்றாவது மணியில் எடுத்தார்.
ரேபிஸ் ஊசிக்கு நாள் வந்துவிட்டது என்றேன்.

நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
அது அவருடையதா நாயினுடையதா
என்று பிரித்தறிய முடியவில்லை.

"அது மூன்று வருஷத்துக்கானதா?"
ஆமாம்.
"அவளிடம் மூன்று வருஷம் இருக்காதே."

மனப்பாடமாய் வைத்திருந்த வாக்கியங்களில்
ஒன்றும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.
டாக்டர் முதலில் பார்க்கட்டும் என்றேன்,
உடம்பு தாங்காதென்றால் போட வேண்டாம்.
ஒரு வருஷ ஊசியும் இருக்கிறது.

"விலை?"
ஏறக்குறைய ஒன்றுதான்.

"அப்படியென்றால் மூன்று வருஷத்ததையே போடு."

வியாழன் வந்தார்கள்.
நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்,
ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்குச் சுற்றியிருந்தார்.
டாக்டர் அவள் நெஞ்சில் குழலை வைத்து
வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார்.
பிறகு ஊசியை எடுத்தார்.
முஸ்தி திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த தேதியை
நான் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.
கணினி தயங்காமல்
மூன்று வருஷம் தள்ளி
ஒரு ஞாயிற்றுக்கிழமையை எழுதிவைத்தது.
ஞாயிறு நாங்கள் திறப்பதில்லை.
திங்களுக்கு மாற்றினேன்.